காரைத் தெரிந்து கொள்வோம்

"நம்மிடம் கார் இல்லை. நமக்கு எதற்கு இந்தப் பாடம்?" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

கல்யாணத்துக்கு வாடகைக் காரில் போகிறோம். பிரசவத்துக்கு அவசரமாகக் காரில் போகிறோம். நம்மில் சிலர் கார் கழுவும் வேலை செய்கிறோம். சிலர் கார் வைத்திருக்கும் வீடுகளில் வேலை பார்க்கிறோம். சிலர் ஓட்டுநர் வேலைக்குப் போக விரும்புகிறோம். இவை எதுவும் இல்லை என்றாலும், நம் தெருவில் கார் நிற்கிறது. அதன் பக்கத்தில் நம் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

காரை ஓட்டுவதற்குத்தான் உரிமம் வேண்டும். காரின் கதவு, பூட்டு, கண்ணாடி, இருக்கைப் பட்டை இவற்றைத் தெரிந்து கொள்ள உரிமம் வேண்டாம். எல்லோரும் தெரிந்து கொள்ளலாம். தெரிந்து கொள்ளவும் வேண்டும். ஏன் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. கதவு

காரின் கதவைத் திறப்பது எளிது. ஆனால் எப்போது திறப்பது என்பது முக்கியம்.

சாலை ஓரம் கார் நிற்கிறது. உள்ளே இருப்பவர் பின்னால் பார்க்காமல் கதவைத் திறக்கிறார். அந்த நேரம் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ ஒருவர் வருகிறார். கதவில் மோதி நடுச் சாலையில் விழுகிறார். பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும்?

நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடது பக்கம் போகின்றன. அதனால் கார் நிற்கும்போது அதன் வலது பக்கம்தான் சாலை. இடது பக்கம் ஓரம். பயணிகள் இடது பக்கக் கதவு வழியாக இறங்குவதே நல்லது.

கதவைத் திறக்க ஒரு நல்ல பழக்கம் உண்டு. கதவுக்கு அருகில் உள்ள கையால் திறக்காதீர்கள். தள்ளி உள்ள கையால் திறங்கள். வலது பக்கம் உட்கார்ந்தால் இடது கை. இடது பக்கம் உட்கார்ந்தால் வலது கை. இப்படிச் செய்தால் உடம்பு தானாகத் திரும்பும். பின்னால் வரும் வண்டி கண்ணில் படும்.

கதவை மூடும்போதும் கவனம் வேண்டும். குழந்தைகளின் விரல் இடுக்கில் இருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். புடவைத் தலைப்போ துப்பட்டாவோ வெளியே தொங்கக் கூடாது.

2. பூட்டு

காரில் இரண்டு வகைப் பூட்டு உண்டு.

ஒன்று, எல்லாக் கதவுகளையும் ஒரே நேரத்தில் பூட்டுவது. இதைச் சென்ட்ரல் லாக் என்று சொல்வார்கள். சாவியில் உள்ள பொத்தானை அழுத்தினால் எல்லாக் கதவும் பூட்டும்.

இன்னொன்று, சைல்டு லாக். அதாவது, குழந்தைகளுக்கான பூட்டு. இது பின் கதவுகளில் மட்டும் இருக்கும். பின் கதவைத் திறந்து அதன் ஓரத்தைப் பாருங்கள். சிறிய நெம்பு ஒன்று தெரியும். அதைத் தள்ளி வைத்தால், அந்தக் கதவை உள்ளே இருந்து திறக்க முடியாது. வெளியே இருந்துதான் திறக்க முடியும். ஓடும் காரில் குழந்தை விளையாட்டாகக் கதவைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதே பூட்டு ஆபத்தாகவும் மாறலாம். நிற்கும் காருக்குள் குழந்தை தனியாக ஏறிவிட்டால், பின் கதவு உள்ளிருந்து திறக்காது. முன் கதவில் சைல்டு லாக் கிடையாது என்பது குழந்தைக்குத் தெரியாது.

3. நிற்கும் கார்

இந்தப் பாடத்தில் மிக முக்கியமான பகுதி இதுதான். மெதுவாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

2022 ஜூன் மாதம். திருநெல்வேலி மாவட்டம் பணகுடிப் பகுதியில் மூன்று குழந்தைகள் விளையாடிக் கொண்டிருந்தார்கள். அங்கே நின்ற காருக்குள் ஏறினார்கள். கதவு மூடிக்கொண்டது. மூவரும் இறந்து போனார்கள்.

2023 ஜூன் மாதம். மகாராஷ்டிர மாநிலம் நாக்பூர் நகரத்தில் மூன்று குழந்தைகள் இதே போல நின்ற காருக்குள் இறந்தார்கள்.

2025 மே மாதம். ஆந்திர மாநிலம் விஜயநகரம் அருகே துவாரபூடி கிராமத்தில் நான்கு குழந்தைகள் இதே போல இறந்தார்கள்.

மூன்று இடங்களும் வேறு வேறு. மூன்று மொழிகளும் வேறு வேறு. நடந்தது ஒன்றுதான். கார் ஓடவில்லை. யார் மீதும் மோதவில்லை. சும்மா நின்ற கார்தான் உயிரைக் குடித்தது.

மாதங்களைக் கவனியுங்கள். மே, ஜூன். வெயில் காலம். பள்ளி விடுமுறையும் பள்ளி திறக்கும் நாளும் சேரும் காலம். குழந்தைகள் நாள் முழுவதும் தெருவில் இருக்கும் காலம்.

நின்ற கார் எப்படிக் கொல்கிறது?

காரின் கண்ணாடி வழியாக வெயில் உள்ளே போகிறது. இருக்கையும் மற்ற பாகங்களும் சூடாகின்றன. அந்தச் சூடு வெளியே போக வழி இல்லை. கார் ஒரு மூடிய அடுப்பைப் போல ஆகிவிடுகிறது. முதல் 10 நிமிடத்திலேயே உள்ளே வெப்பம் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். அதன் பிறகும் ஏறிக்கொண்டே போகும். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைத்தாலும் பெரிய பயன் இல்லை.

குழந்தையின் உடம்பு பெரியவர்களின் உடம்பைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடாகும். முதலில் வியர்க்கும். பிறகு மயக்கம் வரும். மயங்கிய குழந்தை கத்தாது. கதவைத் தட்டாது. வெளியே இருப்பவர்களுக்கு எதுவும் கேட்காது.

அதனால்தான் பல நேரங்களில் பெற்றோர் கிணற்றடியிலும் குளத்தங்கரையிலும் தேடுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் காருக்குள் பார்ப்பதில்லை.

இதைத் தடுக்க என்ன செய்யலாம்?

கார் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது: வீட்டு வாசலில் நிறுத்தினாலும் காரைப் பூட்டுங்கள். டிக்கியையும் பூட்டுங்கள். ஓடாமல் கிடக்கும் பழைய காரையும் பூட்டுங்கள். சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பூட்டும் முன் பின் இருக்கையை ஒரு முறை பாருங்கள். தூங்கும் குழந்தை உள்ளே இருக்கலாம். "ஒரு நிமிடம்தான், கடைக்குப் போய் வந்துவிடுகிறேன்" என்று குழந்தையைக் காரில் விட்டுப் போகாதீர்கள்.

நாம் எல்லோரும் செய்ய வேண்டியது: கார் விளையாடும் இடம் அல்ல என்று குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். கண்ணாமூச்சி ஆடும்போது காருக்குள் ஒளியக் கூடாது என்று சொல்லுங்கள். குழந்தை காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் உள்ள இடங்களையும் நிற்கும் கார்களையும் பாருங்கள். டிக்கியையும் திறந்து பாருங்கள்.

குழந்தைகளுக்குக் கற்றுத் தர வேண்டியது: தெரியாமல் உள்ளே மாட்டிக் கொண்டால் பயப்படக் கூடாது. முன் இருக்கைக்குத் தாண்டிப் போக வேண்டும். முன் கதவின் கைப்பிடியை இழுத்துப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் நடுவில் இருக்கும் ஹாரனை விடாமல் அழுத்த வேண்டும். பல கார்களில் சாவி இல்லாமலே ஹாரன் அடிக்கும்.

உங்களுக்குத் தெரிந்த ஓட்டுநர் யாராவது இருந்தால் கேட்டுக் கொள்ளுங்கள். அவர் பக்கத்தில் இருக்கும்போது குழந்தைக்கு ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள்.

2019 ஜூலை 1 முதல் புதிய கார்களுக்கு ஒரு விதி உண்டு. மின்சாரம் தடைப்பட்டு சென்ட்ரல் லாக் வேலை செய்யாமல் போனாலும், கையால் கதவைத் திறக்க வழி இருக்க வேண்டும். ஆனால் வழி இருந்தால் மட்டும் போதாது. அது தெரிந்திருக்க வேண்டும்.

4. உள்ளே குழந்தையைப் பார்த்தால்

பூட்டிய காருக்குள் குழந்தை மயங்கிக் கிடக்கிறது. சாவி இல்லை. என்ன செய்வது?

சாவி வரும் வரை காத்திருக்கக் கூடாது. ஒருவர் 112 என்ற எண்ணுக்கு அழைக்கட்டும். இன்னொருவர் கண்ணாடியை உடைக்கட்டும்.

முன் பக்கப் பெரிய கண்ணாடியை உடைக்க முயல வேண்டாம். அது எளிதில் உடையாது. பக்கவாட்டுக் கண்ணாடியை உடையுங்கள். குழந்தை இருக்கும் இடத்தில் இருந்து தூரமாக உள்ள கண்ணாடியாக இருக்கட்டும். கண்ணாடியின் நடுவில் அடிக்காதீர்கள். மூலையில் அடியுங்கள். கூர்மையான இரும்பு இருந்தால் நல்லது. கையில் துணி சுற்றிக் கொள்ளுங்கள்.

குழந்தையை நிழலுக்குக் கொண்டு வாருங்கள். சட்டையைத் தளர்த்துங்கள். உடம்பு முழுவதும் தண்ணீரால் நனையுங்கள். விசிறிக் கொண்டே இருங்கள். மயக்கத்தில் இருந்தால் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. புரை ஏறி மூச்சு அடைக்கும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கண்ணாடிக்குப் பணம் கொடுத்தால் வேறு கண்ணாடி கிடைக்கும்.

5. ஏற்றி இறக்கும் கண்ணாடி

பழைய கார்களில் கண்ணாடியைக் கையால் சுற்றி ஏற்றுவார்கள். இப்போது பல கார்களில் பொத்தானை அழுத்தினால் போதும். கண்ணாடி தானாக ஏறும்.

அந்தக் கண்ணாடிக்கு வலு அதிகம். வெளியே தலையை நீட்டிக் கொண்டிருக்கும் குழந்தையின் கழுத்தை அது நெரித்துவிடலாம். மடியில் உள்ள குழந்தையின் முழங்கால் பொத்தானில் பட்டாலும் கண்ணாடி ஏறலாம்.

அதனால் கண்ணாடியை ஏற்றும் முன் ஓட்டுநர் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். "கண்ணாடி ஏத்துறேன், கையை உள்ளே எடுத்துக்குங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவில் ஒரு தடுப்புப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தி வைத்தால் மற்ற கண்ணாடிகளின் பொத்தான்கள் வேலை செய்யாது. குழந்தைகள் இருக்கும்போது அதை அழுத்தி வைப்பது நல்லது.

6. இருக்கைப் பட்டை

ஒரு கல்யாணத்துக்கு வாடகைக் கார் வந்திருக்கிறது. பாட்டி பின் இருக்கையில் உட்காருகிறார்.

"பாட்டி, அந்த பெல்ட்டைப் போட்டுக்குங்க" என்கிறார் ஓட்டுநர்.

"அது வண்டி ஓட்டுற உனக்குத்தானேப்பா? பின்னாடி உட்கார்ந்திருக்கிற எனக்கு எதுக்கு?" என்கிறார் பாட்டி.

"பஸ்ஸில் போகும்போது டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் என்ன ஆகுது பாட்டி?"

"எல்லாரும் முன்னாடி போய் விழுவோம்."

"பின் சீட்டில் இருப்பவங்க?"

"அவங்களும்தான்."

"காரிலும் அதேதான் பாட்டி."

பாட்டி சிரித்துக் கொண்டே பட்டையை இழுத்து மாட்டினார்.

ஓட்டுநர் சொன்னது உண்மை. கார் நின்றாலும் நம் உடம்பு நிற்காது. கார் போன வேகத்திலேயே முன்னால் பாயும். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். ஒரு தென்னை மரத்தின் உயரம் அது. மடியில் உள்ள குழந்தையை எந்தத் தாயாலும் அந்த வேகத்தில் பிடித்து வைக்க முடியாது.

2022 செப்டம்பர் 4 அன்று தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தார். விலை உயர்ந்த கார் அது. அவர் பின் இருக்கையில் இருந்தார். பட்டை அணியவில்லை.

பட்டையை எப்படி அணிவது? கீழ்ப் பட்டை இடுப்பு எலும்பின் மேல் இருக்க வேண்டும். வயிற்றின் மேல் இருக்கக் கூடாது. மேல் பட்டை தோளின் நடுவிலும் மார்பின் குறுக்கேயும் வர வேண்டும். கழுத்தில் உரசக் கூடாது. கைக்கு அடியிலும் போகக் கூடாது. கர்ப்பிணிகள் கீழ்ப் பட்டையை வயிற்றுக்குக் கீழே அணிய வேண்டும். ஒரு பட்டை ஒருவருக்குத்தான். தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் கட்டக் கூடாது.

காரின் முன் பகுதியில் காற்றுப் பை இருக்கும். மோதிய உடனே அது கண் இமைக்கும் நேரத்தில் உப்பும். பெரியவர்களை அது காக்கும். ஆனால் முன் இருக்கையில் மடியில் இருக்கும் குழந்தையை அது பலமாகத் தாக்கும். ஆகவே குழந்தைகளின் இடம் பின் இருக்கைதான். சிறு குழந்தைகளுக்கு என்றே தனி இருக்கை கடைகளில் கிடைக்கிறது. காரில் அதைப் பொருத்தி, குழந்தையை அதில் உட்கார வைத்துப் பட்டை போடுவதே சரியான பாதுகாப்பு.

பட்டை அணியாவிட்டால் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாதுகாப்புச் செய்யாவிட்டாலும் அதே அபராதம்.

7. குளிர்சாதனம்

வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏ.சி. போடாதீர்கள். முதலில் கதவுகளைத் திறந்து சூடான காற்றை வெளியேற்றுங்கள். பிறகு போடுங்கள். கார் சீக்கிரம் குளிரும்.

நிற்கும் காரில் எஞ்சினை ஓட விட்டு, கண்ணாடிகளை மூடி, ஏ.சி. போட்டுத் தூங்கக் கூடாது. இரவில் சவாரிக்குக் காத்திருக்கும் ஓட்டுநர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. புகைக் குழாயில் ஓட்டை இருந்தாலோ, கார் மூடிய கொட்டகைக்குள் நின்றாலோ, அந்த வாயு காருக்குள் வரலாம். தூங்குபவர் தூக்கத்திலேயே இறந்து போவார். தூங்க வேண்டும் என்றால் எஞ்சினை நிறுத்துங்கள். கண்ணாடிகளை இறக்குங்கள்.

8. நிறுத்தும்போது

காரை நிறுத்தியதும் கை பிரேக்கை இழுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுக்க வேண்டும். குழந்தை மட்டும் இருக்கும் காரில் சாவியை விடக் கூடாது.

மேடு பள்ளமான இடத்தில் கை பிரேக் மட்டும் போதாது. கியரிலும் நிறுத்த வேண்டும். மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர். பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர். சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைக்கலாம். எடுக்கும்போது கல்லை மறக்காமல் அகற்றுங்கள்.

பின்னால் எடுக்கும் முன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பாருங்கள். உட்கார்ந்து விளையாடும் குழந்தை கண்ணாடியில் தெரியாது.

ஓட்டுநரின் காலடியில் தண்ணீர்ப் பாட்டில், செருப்பு எதுவும் உருளக் கூடாது. பாட்டில் உருண்டு பிரேக்குக்கு அடியில் போனால் பிரேக்கை மிதிக்க முடியாது.

நினைவில் கொள்வோம்

• பின்னால் பார்த்த பிறகே கதவைத் திறப்போம்.
• வாசலில் நின்றாலும் காரைப் பூட்டுவோம்.
• குழந்தையைக் காரில் தனியாக விட மாட்டோம்.
• பின் இருக்கையிலும் பட்டை அணிவோம்.
• எஞ்சின் ஓடும் காரில் தூங்க மாட்டோம்.
• அவசர உதவிக்கு 112.

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. சைல்டு லாக் காரின் ______ கதவுகளில் இருக்கும்.
2. காருக்குள் மாட்டிக் கொண்ட குழந்தை ______ அடிக்க வேண்டும்.
3. எஞ்சின் புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, ______ இல்லை.

ஆ. பதில் எழுதுங்கள்.
1. வெயிலில் நிற்கும் கார் ஏன் அடுப்பைப் போல ஆகிறது?
2. குழந்தை காணவில்லை என்றால் முதலில் எங்கே தேட வேண்டும்?
3. பூட்டிய காரில் எந்தக் கண்ணாடியை உடைக்க வேண்டும்? எங்கே அடிக்க வேண்டும்?

இ. செய்து பாருங்கள்.
1. 112 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.
2. உங்கள் தெருவில் எத்தனை கார்கள் நிற்கின்றன என்று எண்ணுங்கள். ஓடாமல் கிடக்கும் கார் எத்தனை என்றும் எழுதுங்கள். அவற்றின் சொந்தக்காரர்களைச் சந்தியுங்கள். இந்தப் பாடத்தின் மூன்றாம் பகுதியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். "இன்றே பூட்டுங்கள்" என்று கேட்டுக் கொள்ளுங்கள்.